கெர்னல் பில்ட் பாதியில் நின்றால்: திருத்துவதா, திரும்பத் தொடங்குவதா?

ஆடி மாதத்தில் ஒரு நாள், தேவகோட்டையிலிருந்து ஒரு மாணவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியில் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்ட். ஒரு சென்சாருக்குச் சின்ன டிரைவர் எழுதி, அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்த்து, தானே கம்பைல் செய்து காட்ட வேண்டும். டிரைவரை எழுதி முடித்துவிட்டார். கெர்னல்தான் பில்ட் ஆக மாட்டேன் என்கிறது.

“அண்ணே, நாலு ராத்திரி ஓடவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல நிக்கிது. பேசாம எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிரவா?”

“அழிக்கிறது இருக்கட்டும் தம்பி. இந்த கான்ஃபிக் யாரோடது?”

கெர்னலுக்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் ஆப்ஷன் பட்டியல்தான் கான்ஃபிக். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உபுண்டுவின் கான்ஃபிக்கில் தொடங்கியிருக்கிறார். நண்பர் சொன்னார் என்று நாலு ஆப்ஷனை அணைத்திருக்கிறார். எரர் வந்ததும் இணையத்தில் பார்த்த ஆறு வரியை ஒட்டியிருக்கிறார். நாலாவது நாள் அந்த டாட் கான்ஃபிக் கோப்பில் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பில்ட் நின்றுபோனவர் முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. அந்த ஒரு ஆப்ஷனை மட்டும் திருத்தலாம். டிஸ்ட்ரோவின், அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பின், கான்ஃபிக்கை எடுத்து மறுபடி தொடங்கலாம். அதையே நம் இயந்திரத்துக்கு ஏற்றபடி சுருக்கலாம். கெர்னலோடு வரும் டிஃபால்ட் கான்ஃபிக்கில் தொடங்கி மேலே கட்டலாம். முழுக் கெர்னலையும் பில்ட் செய்யாமலே வேலையை முடிக்கவும் சில சமயம் வழி இருக்கும். இவற்றில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் முதலில் பார்ப்பது, கையில் இருக்கிற கான்ஃபிக் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். எரரை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

ஆனாலும் எந்த வழியில் போனாலும் எரரைச் சரியாகப் படித்தாக வேண்டும். அதில்தான் பலருக்கும் முதல் சறுக்கல்.

முதல் எரர் எங்கே

பில்ட்டை ஓட்டும் மேக் கட்டளையோடு ஜே4 என்று போட்டால் நாலு கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகும். ஒன்று உடைந்தாலும் மற்ற மூன்றும் தாங்கள் தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் நிற்கும். ஆகவே திரையின் அடியில் தெரிகிற ‘எரர் 2’ என்ற வரியில் விஷயம் எதுவும் இல்லை. உண்மையான எரர் நூறு வரிக்கு மேலே புதைந்திருக்கும். அந்த மாணவர் நாலு நாளும் திரையில் மிஞ்சிய கடைசி வரியைத்தான் இணையத்தில் தேடியிருக்கிறார். உலகத்தில் எந்தக் காரணத்தால் பில்ட் உடைந்தாலும் கடைசியில் வருவது அந்த வரிதான். தேடினால் கிடைப்பது எல்லாம் அடுத்தவர் எரருக்கான மருந்து.

செய்ய வேண்டியது எளிது. ஜே எதுவும் போடாமல் வெறும் மேக் என்று இன்னொரு தடவை ஓடவிடுங்கள். முடிந்த கோப்புகளை அது தொடாது. நின்ற இடத்துக்கு நேரே வந்து அந்த ஒரே எரரோடு நிற்கும். அந்த வரியில் கோப்பின் பெயரும், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் இருக்கும். அதுதான் துப்பு.

எந்தக் கட்டத்தில் நின்றது என்பதும் பாதி விடையைச் சொல்லிவிடும். தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் நின்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பேக்கேஜ் இல்லை: ஃப்ளெக்ஸ், பைசன், ஓபன்எஸ்எஸ்எல்லின் டெவ் பேக்கேஜ், லிப்எல்ஃபின் டெவ் பேக்கேஜ் இவற்றில் ஒன்று. நடுவில் ஒரு டிரைவர் கோப்பில் நின்றால் அந்த டிரைவரின் ஆப்ஷனையோ கம்பைலரையோ பார்க்க வேண்டும். எல்லாக் கோப்பும் கம்பைல் ஆகி, இணைக்கிற கட்டத்தில் நின்றால் ஆப்ஷன்களுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

கான்ஃபிக்கோடு சம்பந்தமே இல்லாத எரர்களும் உண்டு. அவற்றை முதலில் ஒதுக்கிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். எங்கள் பக்கம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிற நாளில், யுபிஎஸ் இல்லாமல் பில்ட் ஓடிக்கொண்டிருந்தால், கம்பைலர் பாதி எழுதிய ஆப்ஜெக்ட் கோப்புகள் பூஜ்ய அளவில் டிஸ்க்கில் தங்கிவிடும். கரண்ட் வந்ததும் மறுபடி ஓடவிட்டால், மேக் அவற்றை முடிந்த கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும்; இணைக்கும்போது கோப்பின் வடிவம் புரியவில்லை என்று நிற்கும். பூஜ்ய அளவுள்ள கோப்புகளைத் தேடி அழித்தாலே போதும். 2025இல் வந்த ஜிசிசி 15 கம்பைலரை வைத்து அதற்கு முந்தைய கெர்னலைக் கம்பைல் செய்தால், ஃபால்ஸ் என்ற சொல்லைப் பெயராக வைக்க முடியாது என்று ஓர் எரர் வரும். அந்தக் கம்பைலர் சி மொழியின் சி23 தரத்தை இயல்பாக எடுத்துக்கொள்வதால் வருவது அது. எந்த ஆப்ஷனை மாற்றினாலும் போகாது. புதிய கெர்னலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பழைய கம்பைலரைப் பிடிக்க வேண்டும்.

வழி ஒன்று: அந்த ஒரு ஆப்ஷனை மட்டும் திருத்துவது

கான்ஃபிக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து, அதில் நீங்கள் கைவைத்த இடங்களும் நினைவில் இருந்தால் இதுதான் சிறந்த வழி. அதிகபட்சம் அரை மணி நேரம். முடிந்த கோப்புகள் வீணாகாது.

உபுண்டுவின் பூட் ஃபோல்டரிலிருந்து கான்ஃபிக்கை எடுத்து, கெர்னல் டாட் ஆர்க் தளத்திலிருந்து இறக்கிய சோர்ஸில் வைத்து ஓடவிடுகிற எல்லோருக்கும் முதலில் வருகிற எரர் ஒன்று உண்டு. கனோனிக்கல் செர்ட்ஸ் என்ற பெம் கோப்பை உருவாக்க விதி இல்லை என்று செர்ட்ஸ் ஃபோல்டரில் வந்து நிற்கும். டெபியன் கான்ஃபிக் என்றால் டெபியனின் யுஇஎஃப்ஐ செர்ட்ஸ் கோப்பைக் கேட்கும். கோட்டையூரில் எங்கள் பொது வீட்டில் நடு முற்றத்து வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை. அறைச் சாவி அந்தந்தக் குடும்பத்திடம். பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு வீடே பழுது என்று யாரும் சொல்வதில்லை. சாவி யாரிடம் என்றுதான் கேட்போம். இங்கேயும் அதே கதைதான். சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற ஆப்ஷன், உபுண்டு தன் சோர்ஸுக்குள் வைத்திருக்கும் சான்றிதழ் கோப்பைச் சுட்டுகிறது. கெர்னல் டாட் ஆர்க் சோர்ஸில் அந்தக் கோப்பு கிடையாது. மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருப்பதை அழித்து வெறுமையாக விட்டுவிடுங்கள். சிஸ்டம் ரெவொக்கேஷன் கீஸ் என்ற ஆப்ஷனையும் அப்படியே செய்யுங்கள். உங்கள் மாட்யூல்களுக்கு, அதாவது கெர்னலில் தனியாக ஏறும் துண்டுகளுக்கு, கையெழுத்திட வேண்டிய சாவியை பில்ட் தானே உருவாக்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கும் இயந்திரத்தில், நாமே கையெழுத்திட்டுப் பதிவு செய்யாத கெர்னல் பூட் ஆகாது.

அடுத்தது பிடிஎஃப் (BTF), பிழை தேட உதவும் டீபக் தகவலில் ஒரு வகை. கொஞ்சம் பழைய கெர்னல் என்றால், மூன்று மணி நேரம் ஓடி, வந்துவிட்டது என்று எழுந்திருக்கும்போது, கடைசிக் கட்டத்தில் பாஹோல் என்ற கருவி இல்லை என்று நிற்கும். டீபக் இன்ஃபோ பிடிஎஃப் என்ற ஆப்ஷனின் வேலை இது. உபுண்டுவில் பாஹோல் டுவார்வ்ஸ் பேக்கேஜில் இருக்கிறது; நிறுவினால் எரர் போய்விடும். கெர்னலைக் கண்காணிக்கும் பிபிஎஃப் கருவிகளை வைத்து வேலை செய்பவர் நிறுவிக்கொள்ளட்டும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ப்ராஜெக்ட் செய்கிறவருக்கு நான் சொல்வது, அதை அணைத்துவிடுங்கள் என்றுதான். அந்தக் கட்டம் மெமரியை நிறையக் கேட்கும். ரேம் போதாமல் கெர்னலே அந்த வேலையைக் கொன்றுவிட்டால், கில்ட் என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு விளக்கம் எதுவும் திரையில் வராது.

டீபக் தகவலை மொத்தமாக அணைக்க நினைப்பவர்கள் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். டீபக் இன்ஃபோ என்ற வரியை அணை என்பது பழைய அறிவுரை. கெர்னல் 5.18இலிருந்து அது நேரடியாக அணைக்கக்கூடிய ஆப்ஷனாக இல்லை. டீபக் தகவலின் வடிவம் டுவார்ஃப் 4, டுவார்ஃப் 5, எதுவும் வேண்டாம் என்று ஒரு தேர்வுப் பட்டியல் வந்துவிட்டது. அதில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் டீபக் இன்ஃபோ தானாக எழும், தானாக விழும். பழைய வரியை மட்டும் அணைத்தால் அடுத்த மேக்கில் அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். நம் மாணவர் இதை மூன்று தடவை அணைத்திருக்கிறார். டீபக் இன்ஃபோ நன் என்பதை ஆன் செய்ய வேண்டும். டீபக் தகவலோடு டிஸ்ட்ரோ கான்ஃபிக்கை முழுவதும் பில்ட் செய்தால் டிஸ்க்கில் 20 ஜிபிகூடப் போதாமல் போகலாம் என்பதால், இந்த ஒரு மாற்றத்தால் இடமும் நேரமும் நிறைய மிச்சமாகும்.

இப்படி அணைத்த ஆப்ஷன் திரும்ப வருவதற்கும், இணைக்கும் கட்டத்து எரர்களுக்கும் வேர் ஒன்றே. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆப்ஷன்களை வரையறுக்கும் கேகான்ஃபிக் கோப்புகளில் இரண்டு உறவுகள் உண்டு. டிபெண்ட்ஸ் ஆன் என்றால், அது இருந்தால்தான் நான் வருவேன் என்று பொருள். செலக்ட் என்றால், நான் வந்தால் அதையும் கையோடு இழுத்து வருவேன் என்று பொருள். சிக்கல் இரண்டாவதில்தான். செலக்ட் தான் இழுத்துவரும் ஆப்ஷனுக்கு என்னென்ன தேவை என்று பார்ப்பதே இல்லை. தேவைகள் நிறைவேறாமலே அந்த ஆப்ஷன் ஆன் ஆகிவிடும். அப்போது கான்ஃபிக் கட்டத்திலேயே, நேரடித் தேவைகள் நிறைவேறவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். அது எரர் இல்லை என்பதால் பில்ட் தொடர்ந்து ஓடும், நாமும் கவனிக்காமல் விட்டுவிடுவோம். இரண்டு மணி நேரம் கழித்து அதே ஆப்ஷனின் கோப்பில் உடையும். ஆகவே ஆப்ஷன்களை மெனுவாகக் காட்டும் மெனுகான்ஃபிக்கிலிருந்து வெளியே வந்ததும் டெர்மினலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள். ஒரு ஆப்ஷன் அணைய மறுத்தால், மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி அதன் பெயரைத் தேடுங்கள். செலக்டட் பை என்ற வரியில் அதை இழுத்து வருவது யார் என்று இருக்கும். அணைக்க வேண்டியது அவரை.

அடுத்தது ஒய், எம், என் என்ற மூன்று நிலை. ஒய் என்றால் கெர்னலுக்குள்ளேயே. எம் என்றால் தனி மாட்யூல். என் என்றால் இல்லை. மாட்யூல் தனக்கு வேண்டியதைக் கெர்னலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் கெர்னலுக்குள் பதிந்த கோடு, பின்னால் தனியாக ஏறப்போகும் மாட்யூலில் இருக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட முடியாது. ஒய் ஆக இருக்கும் ஒன்று எம் ஆக இருக்கும் ஒன்றை நம்பினால், கம்பைல் சிக்கலில்லாமல் முடிந்து, இணைக்கும்போது இந்தப் பெயர் எங்கேயும் இல்லை என்று நிற்கும். ஐபிவி6 என்ற நெட்வொர்க் ஆப்ஷன் மாட்யூலாக இருந்தால் தங்கள் டிரைவர் உள்ளே பதியக் கூடாது என்பதற்காகவே, ஐபிவி6 அல்லது ஐபிவி6 இல்லாமை என்று பார்ப்பதற்குப் பொருளற்றது போன்ற ஒரு வரியை நெட்வொர்க் டிரைவர்கள் பலவற்றின் கேகான்ஃபிக்கில் பார்க்கலாம். பொருளோடு எழுதிய வரிதான் அது.

ஆத்தங்குடியில் கல் போடுகிற இடத்துக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கண்ணாடித் தகட்டை அடியில் வைத்து, அதன்மேல் அச்சை நிறுத்தி, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டுச் சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, மேலே ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்வார்கள். ஒரு நிறம் பக்கத்து அறைக்குள் கசிந்திருந்தால் அப்போது தெரியாது. முகம் கீழே கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கிறது. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் தெரியும். இணைக்கும் கட்டத்து எரரும் அப்படியே. தப்பு நடந்தது கான்ஃபிக்கில் அச்சு வைக்கும்போது. கண்ணில் படுவது கடைசியில். கடைசியில் தெரிகிறது என்பதற்காகக் கடைசிக் கோப்பைத் திருத்திப் பயனில்லை.

மாணவரின் டிரைவரிலேயே இது இருந்தது. தன் டிரைவருக்கு அவர் எழுதிய கேகான்ஃபிக் பகுதியில் மூன்று நிலையும் எடுக்கும் ட்ரைஸ்டேட் என்பதற்குப் பதில், ஒய், என் மட்டும் எடுக்கும் பூல் என்று போட்டிருந்தார். ஐஐஓ என்ற சென்சார் அடித்தளத்தை டிரைவர் நம்பியிருந்தது. உபுண்டு கான்ஃபிக்கில் ஐஐஓ மாட்யூல். டிபெண்ட்ஸ் ஆன் ஐஐஓ என்று சரியாக எழுதியும் உடைந்தது. காரணம், பூல் வகை ஆப்ஷன் எம் ஆக முடியாது. தான் நம்பும் ஆப்ஷன் எம் ஆக இருந்தாலே போதும் என்று தன்னை ஒய் ஆக்கிக்கொள்ளும். பூலை ட்ரைஸ்டேட் ஆக்கினோம். ஒரே சொல். நாலு ராத்திரியில் இரண்டு ராத்திரியை விழுங்கியது அந்தச் சொல்.

எச்சரிக்கைகளையும் எரராக எடுத்துக்கொள்ளும் வெர்ரர் ஆப்ஷன் பற்றி ஒரு வரி. 2021இல் 5.15இல் வந்தது. புதுக் கம்பைலர் ஒரு புது எச்சரிக்கை கொடுத்தாலே பில்ட்டை நிறுத்தும். அடுத்தவர் எழுதிய டிரைவரில் வரும் எச்சரிக்கைக்காக உங்கள் பில்ட் நிற்க வேண்டியதில்லை, அணைத்துவிடலாம். உங்கள் சொந்தக் கோப்பில் வந்தால் மட்டும் அணைக்காமல் கோடைத் திருத்துங்கள்.

வழி இரண்டு: டிஸ்ட்ரோ கான்ஃபிக்கிலிருந்து மறுபடி

டாட் கான்ஃபிக்கில் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாத நிலை வந்துவிட்டால், ஒவ்வொன்றாகத் திருத்துவதை நிறுத்திவிடலாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக் பூட் ஃபோல்டரில் இருக்கிறது. இந்த இயந்திரத்தில் அது பூட் ஆகிறது என்பதற்கு நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திரையே சாட்சி. அதைப் படியெடுத்து மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் போட்டால், புதிய கெர்னலில் வந்திருக்கும் புது ஆப்ஷன்களுக்கு டிஃபால்ட் விடையை அதுவே எழுதிக்கொள்ளும். ஓல்ட்கான்ஃபிக் என்றால் ஒவ்வொன்றாகக் கேட்கும். கேட்டதற்கெல்லாம் எண்டரை அழுத்திக்கொண்டே போவதற்கு ஓல்ட்டெஃப்கான்ஃபிக்கே மேல்.

இதன் பலம், பழைய கெர்னலில் வேலை செய்த பிரிண்டரும் வைஃபையும் புதியதிலும் வேலை செய்யும் என்ற நம்பிக்கை. பலவீனம் அளவு. உபுண்டு கான்ஃபிக் பத்தாயிரம் வரிகளுக்கு மேல். உலகத்தில் இருக்கிற எல்லா லேப்டாப்புக்கும் சேர்த்து எழுதியது. என் கடையில் இருக்கும் நாலு கோர் இயந்திரத்தில் ராத்திரி ஓடவிட்டால் காலையில் காபி நேரத்துக்கு முடியும். ஒரு தடவை செய்பவருக்கு இது பரவாயில்லை. டிரைவரை மாற்றி மாற்றிப் பத்துத் தடவை பில்ட் செய்யப்போகிறவருக்கு ஆகாது.

இன்னொன்று: பெயர் மாறிய ஆப்ஷன்களை ஓல்ட்டெஃப்கான்ஃபிக் சத்தமில்லாமல் உதறிவிடும். ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டரில் டிஃப்கான்ஃபிக் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பழையதையும் புதியதையும் கொடுத்தால் எது போனது, எது வந்தது, எது மாறியது என்று வரி வரியாகக் காட்டும். நான் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்குக்கு முன் ஒரு படியெடுத்து வைத்து, பின்னால் இதை ஓடவிடாமல் பில்ட்டைத் தொடங்குவதில்லை.

தொடக்கத்திலிருந்து வருகிறேன் என்று மேக் எம்ஆர்ப்ராப்பர் போடுகிறவர்கள், டாட் கான்ஃபிக்கை முதலில் வேறு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். மேக் க்ளீன் அதைத் தொடாது. எம்ஆர்ப்ராப்பர் அதையும் சேர்த்து அழித்துவிடும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒரு வாரத்து உழைப்பை இழந்தவரை எனக்குத் தெரியும்.

வழி மூன்று: நம் இயந்திரத்துக்கு மட்டும் சுருக்குவது

மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிய ஸ்க்ரிப்ட் அடிப்படையில் 2009இல் 2.6.32 கெர்னலில் சேர்ந்தது. எல்எஸ்மாட் காட்டுகிற பட்டியலைப் பார்த்து, இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடும். பில்ட் ஆகும் கோப்புகள் பல மடங்கு குறையும். ராத்திரி முழுவதும் ஓடியது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். நமக்கு வேண்டாத டிரைவரில் வரும் எரரும் அந்த டிரைவரோடு போய்விடும். கான்ஃபிக்கால் உடையும் பில்ட்டுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. புதுவயலில் ஒரு அரிசி ஆலையின் எடைமேடைக் கணினிக்கு நான் இப்படி ஒரு கெர்னல் செய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆலை மூடியிருந்தது. எடைமேடையின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தார்கள். பில்ட் முடிந்தது, பூட் ஆனது, எல்லாம் சரி என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் நெல் லாரி மேடையில் ஏறி நிற்கிறது, திரையில் எடை வரவில்லை. எடைமேடையின் சீரியல் கேபிள் யுஎஸ்பி மாற்றி வழியாக வருகிறது. அதற்கான சிஹெச்341 என்ற மாட்யூல் ஞாயிறன்று ஏறியிருக்கவில்லை. லோக்கல்மாட்கான்ஃபிக் அதை அணைத்துவிட்டது. பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னல் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் லாரி நகர்ந்தது. பழைய கெர்னலை நீக்கியிருந்தால் அன்றைய கொள்முதலே நின்றிருக்கும்.

அன்றிலிருந்து லோக்கல்மாட்கான்ஃபிக் போடுவதற்கு முன் அந்த இயந்திரத்தில் என்றைக்காவது சொருகப்போகும் எல்லாவற்றையும் ஒரு தடவை சொருகுகிறேன். பென்டிரைவ், பிரிண்டர், ஸ்கேனர், மொபைல் டேட்டா கேபிள், எடைமேடை. ஒவ்வொன்றும் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் கட்டளை. சில நாள் சாதாரணமாகப் பயன்படுத்தி, எல்எஸ்மாட் பட்டியலை அவ்வப்போது சேமித்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொடுப்பது இன்னும் பத்திரம். எல்எஸ்மாட் என்ற மாறியில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதையே எடுத்துக்கொள்ளும்.

வழி நான்கு: டெஃப்கான்ஃபிக்கிலிருந்து கட்டுவது

மேக் டெஃப்கான்ஃபிக் சின்னது, சுத்தமானது, எளிதில் உடையாது. உங்கள் டிரைவர் கம்பைல் ஆகிறதா என்று பார்க்கவும், விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்க்கவும் இதைவிட நல்லது இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்கு, கூடவே அதற்கென இருக்கும் கேவிஎம் கெஸ்ட் கான்ஃபிக்கையும் சேர்த்தால் போதும். நிஜ லேப்டாப்பில் பூட் செய்ய என்றால் நான் தயங்குவேன். பில்ட் வெற்றி, பூட் தோல்வி என்று ஆகும். டிஸ்க்கின் டிரைவரோ அதன் ஃபைல் சிஸ்டமோ கெர்னலுக்குள் இல்லாமல், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் இல்லாமல் போனால், ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை என்று கருப்புத் திரையில் பேனிக் வந்து நிற்கும். அங்கிருந்து ஒவ்வொரு ஆப்ஷனாகக் கண்டுபிடித்துச் சேர்ப்பது நல்ல படிப்பு. கெர்னலைக் கற்க நினைப்பவர் விடுமுறையில் கட்டாயம் ஒரு தடவை செய்ய வேண்டும். அடுத்த வாரம் ரிவ்யூ இருக்கிறவர் செய்யக் கூடாது.

இதற்கு ஒரு முக்கியமான பயன் உண்டு. டெஃப்கான்ஃபிக் பில்ட் ஆகிறது, உங்கள் கான்ஃபிக் ஆகவில்லை என்றால், தவறு சோர்ஸிலோ கம்பைலரிலோ இல்லை, கான்ஃபிக்கில்தான் என்பது நிரூபணம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பாதி பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் உடைகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் குற்றவாளி ஆப்ஷன் பத்துப் பன்னிரண்டு சுற்றில் சிக்கிவிடும். கெர்னல் சோர்ஸிலேயே கேடெஸ்ட் ஃபோல்டரில் கான்ஃபிக் பைசெக்ட் என்று இதற்கென ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கிறது. எரர் எதையும் புரியாதபடி சொல்லும்போது மட்டும் இந்தப் பாதைக்குப் போங்கள், நேரம் பிடிக்கும்.

பில்ட் செய்யாமலே

பலருக்கு உண்மையில் முழுக் கெர்னல் தேவையில்லை. ஒரு வைஃபை டாங்கிளுக்கு டிரைவர் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இப்போதைய கெர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜை நிறுவி, அந்த மாட்யூலை மட்டும் கம்பைல் செய்தால் பத்து நிமிடம். டிகேஎம்எஸ்ஸில் சேர்த்துவிட்டால் கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அதுவே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். என் கடைக்குக் கெர்னல் பில்ட் நிற்கிறது என்று வருபவர்களில் பலரை இந்த வழியில்தான் திருப்பி அனுப்புகிறேன். மாணவருக்கு இந்த வழி இல்லை. டிரைவரைக் கெர்னல் சோர்ஸுக்குள் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது கல்லூரி வைத்த நிபந்தனை.

அவர் எடுத்த முடிவு

நாலு நாளாகக் குழம்பிய டாட் கான்ஃபிக்கை அழிக்கவில்லை. வேறு பெயரில் ஓரமாக வைத்தோம். பூட் ஃபோல்டரிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து ஓல்ட்டெஃப்கான்ஃபிக். இரண்டு சாவி வரிகளும் வெறுமை. பிடிஎஃப் அணைந்தது, டீபக் இன்ஃபோ நன் ஆன். பிரிண்டரிலிருந்து அவர் தங்கையின் போன் கேபிள் வரை எல்லாவற்றையும் சொருகி எடுத்துவிட்டு லோக்கல்மாட்கான்ஃபிக். சென்சார் மாட்யூல்கள் எதுவும் ஏறியிருக்காததால் அது ஐஐஓவையும் அணைத்துவிட்டது. அதோடு அவர் டிரைவரும் மெனுவிலிருந்தே காணாமல் போனது.

“அண்ணே, என் டிரைவரையே காணோம்!”

“நீங்க எழுதுன டிபெண்ட்ஸ் ஆன் வேலை செய்யிதுன்னு அர்த்தம் தம்பி. ஐஐஓவ எம் ஆக்குங்க, வந்துரும்.”

வந்தது. டிஃப்கான்ஃபிக்கை ஓடவிட்டு, நாம் செய்த மாற்றம் ஒவ்வொன்றும் அங்கே நிற்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தோம். லோக்கல்வெர்ஷன் என்ற ஆப்ஷனில் தன் ஊர்ப் பெயரைப் பின்னொட்டாகச் சேர்த்தார். பதினொன்றரைக்குத் தொடங்கியது. பக்கத்துக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மாட்யூல்கள் இணைந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்கு ரீபூட்; ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் யுநேம் கட்டளையைத் தட்டினார். 6 என்று தொடங்கி, புள்ளிகளைத் தாண்டி, வரியின் கடைசியில் தேவகோட்டை என்று திரையில் வந்தது. உடனே டாட் கான்ஃபிக்கைப் பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று இரண்டு படி எடுத்து வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.